வலிக்கும் முழங்கை, வளரும் பிள்ளை: பேஸ்பால் உடற்பயிற்சி குறித்த கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை பேஸ்பால் ஆடும் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்வதால், முதல் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஊர் லீகிலும், வார இறுதியில் ஊர் ஊராகப் போய் ஆடும் ஒரு டிராவல் அணியிலும், மட்டையாளருக்குப் பந்து எறியும் பிட்சராக ஆடுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது என்கிறான். செவ்வாய்க்கிழமைக்குள் சரியாகிவிடுகிறது. "கை பழகும்வரை அப்படித்தான் இருக்கும், ரப்பர் பட்டையை வைத்துப் பயிற்சி கொடுங்கள்" என்கிறார் அவனுடைய பயிற்சியாளர். எந்தப் பயிற்சி கொடுத்தால் அவன் கை வலுப்படும்?
— ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: இப்போதைக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம், அம்மா. அவன் பந்து எறிவதை இந்த வாரமே நிறுத்திவிட்டு, பிள்ளைகளின் எலும்பு மூட்டுகளைப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு முழங்கையின் உட்புறத்தில் எலும்பு இன்னும் முழுதாக ஒட்டவில்லை. அங்கே மென்மையான வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கிறது. மணிக்கட்டை மடக்கும் தசைகளும், முழங்கையை உட்பக்கமாகப் பிடித்து நிறுத்தும் தசைநாரும் அந்த இடத்தில்தான் பற்றியிருக்கின்றன. ஒவ்வொரு முறை வேகமாக எறியும்போதும் முன்கை வெளிப்பக்கமாக இழுபட்டு, முழங்கையின் உட்பக்கம் திறந்துகொள்ளப் பார்க்கிறது. வளர்ந்தவருக்கு அந்த இழுப்பைத் தசைநார் தாங்குகிறது. சிறுவனுக்கோ தசைநாரைக் காட்டிலும் வளர்ச்சித் தட்டுதான் வலுக்குறைந்த இடம். திரும்பத் திரும்ப இழுபட்டால் அது எரிச்சல் கண்டு, வீங்கி, சில வேளைகளில் பிளந்தும் விடுகிறது. அமெரிக்காவில் இதற்கு 'லிட்டில் லீக் எல்போ' என்றே பெயர். ரப்பர் பட்டை தசையை வலுப்படுத்துமே தவிர, வளர்ச்சித் தட்டை அதனால் வலுப்படுத்த முடியாது. அது முதிர்வதற்குக் காலம்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வலி போய்விடுவதை நல்ல அறிகுறியாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே இடத்தில் வலி திரும்புகிறது என்றால், புண் ஆறுவதற்குள் மீண்டும் கீறப்படுகிறது என்றுதான் பொருள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது 'இரண்டு அணிகள்' என்பது. அமெரிக்காவின் தொழில்முறை அமைப்பான மேஜர் லீக் பேஸ்பாலும், தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்னும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. அதன்படி 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் அதிகபட்சம் 85 பந்துகள்தான் எறியலாம். 21 முதல் 35 பந்துகள் எறிந்தால் ஒரு நாள், 36 முதல் 50 எறிந்தால் இரண்டு நாள், 51 முதல் 65 எறிந்தால் மூன்று நாள், 66-ஐ எட்டினால் நான்கு நாள் எறியாமல் இருக்க வேண்டும். உங்கள் மகன் சனிக்கிழமை லீகில் 40 பந்தும், ஞாயிற்றுக்கிழமை டிராவல் அணியில் 45 பந்தும் எறிகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பயிற்சியாளர்களின் நோட்டுப் புத்தகத்திலும் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் முழங்கை ஒன்றுதானே? சனிக்கிழமை 40 பந்து எறிந்தவன் செவ்வாய்க்கிழமைக்கு முன், பிட்சர் நின்று எறியும் மேட்டில் ஏறியிருக்கவே கூடாது. இரண்டு அணிகளின் எண்ணிக்கையையும் கூட்டி வைப்பவர் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். அது நீங்களாகவே இருக்கட்டும். ஒரு சிறு நோட்டில் தேதியும் எண்ணும் போதும். பிட்சராக ஆடி முடித்த அதே ஆட்டத்தில் பிட்சரின் பந்தைப் பிடிக்கும் கேட்சராக அவனை உட்கார வைத்தால் மறுத்துவிடுங்கள். கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிபவர்தான்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது களைப்பு. அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தோள் அல்லது முழங்கை அறுவைச் சிகிச்சைக்கு வந்த இளம் பிட்சர்களையும் காயமில்லாத பிட்சர்களையும் ஒப்பிட்டு 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்துவந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை வரையில் போகும் வாய்ப்பு 36 மடங்கு அதிகமாக இருந்தது. ஆண்டில் எட்டு மாதங்களுக்கு மேல் போட்டிகளில் எறிந்தவர்களுக்கு அது 5 மடங்கு. என் வேலையில் நான் எத்தனையோ எச்சரிக்கைகளைப் படித்திருக்கிறேன். இந்த 36 என்ற எண்ணைப் போல என்னை உலுக்கியது வேறில்லை.

களைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பையனை நான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் கவனித்திருக்கிறேன். முதல் இரண்டு இன்னிங்ஸ் வரை, பந்தைக் கைவிடும் முன் அவனது முழங்கை தோளின் மட்டத்தில் இருந்தது. நாலாவது இன்னிங்ஸில் அது ஒரு கையகலம் கீழே இறங்கிவிட்டது. பந்துகள் எல்லாம் உயரமாகப் போயின. ஒவ்வொரு பந்துக்கும் இடையே அவன் மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தான்; கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எறியும் கையின் முழங்கை உட்புறத்தை மறுகைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். "வலிக்கிறதா?" என்று பயிற்சியாளர் கேட்டதற்கு "இல்லை" என்றான். பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்; ஆட்டத்திலிருந்து இறங்க அவர்களுக்கு மனமிராது. ஆகவே வாயை நம்பாமல் பெருவிரலைப் பாருங்கள்.

மருத்துவர் அனுமதித்த பிறகு உடற்பயிற்சியைத் தொடங்கலாம். அந்த வயதில் வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம் போதும். ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்பது, பஸ்கி, தண்டால், வயிற்றையும் முதுகையும் பலகை போல் நிறுத்தும் பயிற்சி, குறுகிய தூர ஓட்டம் இவையே அடிப்படை. ஆண்டில் நான்கு மாதங்களாவது எறியும் விளையாட்டே இல்லாமல் இருக்க வேண்டும். அவற்றில் இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் அவன் கால்பந்தோ கூடைப்பந்தோ ஆடட்டும்.

கேள்வி: எனக்கு வயது 17. உயர்நிலைப் பள்ளி அணியில் பிட்சர். என் வேகம் மணிக்கு 80 மைல். 88-ஐத் தொட்டால்தான் கல்லூரி அணிகள் திரும்பிப் பார்க்கும் என்கிறார்கள். எடை கூடிய பந்துகளை எறிந்து பழகினால் வேகம் கூடுமா? ஜிம்மில் என்னென்ன செய்ய வேண்டும்?
— ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: தம்பி, எடை கூடிய பந்துகளால் வேகம் கூடும் என்பது உண்மைதான். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 13 முதல் 18 வயது வரையிலான பிட்சர்கள் ஆறு வாரங்கள் அத்தகைய பந்துகளை எறிந்தார்கள். சராசரி வேகம் 3 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக உயர்ந்தது. அதே குழுவில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, பயிற்சியின்போதோ அடுத்த பருவத்திலோ, கையில் காயம் ஏற்பட்டது. 80 மைலில் 3 விழுக்காடு என்பது இரண்டரை மைல். அந்த இரண்டரை மைலைக் கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் நீங்கள் எடுக்க முடியும் என்றிருக்கும்போது, முழங்கையைப் பணயம் வைத்து எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேகம் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். பின்கால் மேட்டிலுள்ள ரப்பர் கட்டையை உந்துகிறது. முன்கால் தரையில் பதிந்து இறுகி நிற்கிறது. இடுப்பு கேட்சரை நோக்கித் திரும்பிவிட்ட பிறகும் மார்பு இன்னும் பக்கவாட்டிலேயே நிற்கும் ஒரு கணம் உண்டு. முறுக்கிய துணியைப் போல் உடல் இருக்கும் அந்தக் கணத்தில் சேர்ந்த விசைதான் தோளுக்குப் போகிறது. அப்போது மேற்கை சுழலும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 7000 பாகை. அந்த வேகத்திலேயே தொடர்ந்து சுழல முடிந்தால், ஒரு நொடியில் கை பத்தொன்பது முறை முழு வட்டம் அடித்துவிடும். அளந்து பார்க்கப்பட்ட மனித உடல் அசைவுகளில் இதுவே மிக வேகமானவற்றுள் ஒன்று. இவ்வளவு வேகமாகப் புறப்பட்ட கையை நிறுத்தவும் வேண்டுமே! அந்த வேலையைச் செய்பவை தோளின் பின்பக்கத்திலுள்ள சிறிய தசைகளும், தோள்பட்டை எலும்பை முதுகோடு பிடித்திருக்கும் தசைகளும். மார்பும் புஜமும் கண்ணாடியில் தெரிகின்றன என்பதற்காக அவற்றையே வளர்க்கும் பிள்ளைகள், பெரிய எஞ்சினைப் பொருத்திவிட்டு பிரேக்கை மறந்துவிடுகிறார்கள்.

எனவே ஜிம்மில் முதல் இடம் கால்களுக்கு. தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட், ஒரு காலை முன்வைத்து அமரும் ஸ்ப்ளிட் ஸ்குவாட், பக்கவாட்டில் தாவி ஒரு காலில் நிற்பது ஆகியவை உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். அடுத்து இழுப்புப் பயிற்சிகள். தள்ளும் பயிற்சி ஒன்று செய்தால் இழுக்கும் பயிற்சி இரண்டு செய்யுங்கள். தள்ளுவதற்குத் தண்டாலே போதும். எடைக் கம்பியைத் தலைக்கு மேல் கனமாகத் தூக்குவதைத் தவிர்த்துவிடலாம். கனமான பயிற்சிப் பந்தான மெடிசின் பாலைச் சுவருக்குப் பக்கவாட்டில் நின்று இடுப்பைத் திருப்பி எறிவது, முறுக்கிலிருந்து விசையை விடுவிக்கக் கற்றுத்தரும். இரண்டு கிலோ பந்தே போதும், வேகம்தான் முக்கியம். ரப்பர் பட்டையிலும் இரண்டு மூன்று பவுண்டு டம்பெல்லிலும் செய்யும் தோள் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள். எடை குறைவாக இருக்கிறதே என்று கூட்டிவிட வேண்டாம். எடை கூடினால் அந்தச் சிறிய தசைகள் ஒதுங்கிக்கொள்ள, பெரிய தசைகள் வேலையை எடுத்துக்கொள்ளும்.

வாரத்தை எப்படி அடுக்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் எறிந்த மறுநாள் கால்களுக்குக் கனமான பயிற்சி செய்து, கைக்கு முழு ஓய்வு கொடுங்கள். அதற்கு அடுத்த நாள் முதுகுக்கும் இழுப்புக்கும் ஒதுக்கி, இலேசாகப் பந்து பிடித்து எறியலாம். அடுத்த ஆட்டத்துக்கு முந்தைய நாள் உடலை நீட்டி அசைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் வயதுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 105 பந்துகள். 81-ஐ எட்டினால் நான்கு நாள் எறியக் கூடாது.

மாதம் ஒருமுறை இந்தச் சோதனையையும் செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, மேற்கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி முன்கையைக் கூரையை நோக்கி நிறுத்துங்கள். வேறொருவர் உங்கள் தோளின் முன்பக்கத்தை அசையாமல் அழுத்திப் பிடிக்கட்டும். முன்கை தலைப்பக்கம் எவ்வளவு சாய்கிறது, கால்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று இரண்டு கைகளிலும் பாருங்கள். எறியும் கை தலைப்பக்கம் அதிகமாகவும் கால்பக்கம் குறைவாகவும் சாய்வது பிட்சர்களுக்கு இயல்பு. இரண்டையும் கூட்டிய மொத்த வீச்சே மறுகையைவிடக் குறைந்துவிட்டால், தோளின் பின்புறம் இறுகிவிட்டது என்று கொண்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

பிட்சர் நோலன் ரயனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிட்சர்கள் எடை தூக்கினால் உடல் இறுகிப்போகும் என்று பலரும் அஞ்சிய காலத்தில் எடைப் பயிற்சியை விடாமல் செய்தவர். ஆட்டம் முடிந்ததும் நிலைமிதிவண்டியில் ஏறி மிதிப்பார். 1991 மே 1-ஆம் தேதி, 44 வயதில், எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துத் தளம் சேர்வது) தராத தம் ஏழாவது ஆட்டத்தை ஆடினார். அவரை நான் முன்னிறுத்துவது வேகத்துக்காக அன்று, கால்களுக்கு அவர் கொடுத்த மதிப்புக்காக.

கேள்வி: என் அண்ணன் மகனுக்குப் பதினாறு வயது. முழங்கையில் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் முன்னைவிட வேகமாக எறியலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். காயம் பெரிதாக இல்லாவிட்டாலும் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது?
— சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பிட்சர் டாமி ஜானுக்கு 1974-இல் முழங்கையின் உட்புறத் தசைநார் அறுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 25-இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு அதைக் கோத்துக் கட்டினார். 1975 முழுவதும் ஆடாமல் இருந்து 1976-இல் திரும்பிய ஜான், 1989 வரை ஆடினார். பிட்சராக அவர் கணக்கில் சேர்ந்த 288 வெற்றிகளில் 164 அறுவைச் சிகிச்சைக்குப் பின் கிடைத்தவை.

இந்த வெற்றிக் கதைதான் தவறான எண்ணத்துக்கு வித்திட்டது. அறுந்ததற்குப் பதிலாக வேறொரு நாணைக் கட்டுவதே அந்தச் சிகிச்சை. நல்ல தசைநாரைவிடச் சிறந்த ஒன்றை அது தருவதில்லை. சிலர் வேகமாகத் திரும்பி வருவதற்குக் காரணம், எறியவே முடியாத அந்த ஓராண்டில் அவர்கள் கால்களுக்கும் இடுப்புக்கும் தோளுக்கும் ஒழுங்காகச் செய்த பயிற்சி. அந்தப் பயிற்சியை அறுவை இல்லாமலே செய்யலாம். மீண்டும் ஆட்டத்தில் எறிய 12 முதல் 18 மாதங்கள் ஆகும். சிலரால் திரும்பவே முடிவதில்லை. பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஒதானிக்கு 2018-இல் ஒருமுறையும் 2023-இல் மறுமுறையும் முழங்கையில் அறுவை நடந்தது என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பேஸ்பால், சாஃப்ட்பால் அணிகளுக்குப் பயிற்சி தருகிறேன். ஆட்டம் முடிந்ததும் பிட்சர்களை ஐந்து கிலோமீட்டர் ஓட வைப்பது என் வழக்கம். தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலம் கரைந்துவிடும் என்று எனக்குக் கற்றுத் தந்தார்கள். எங்களிடம் ஜிம் கிடையாது. இது சரியா?
— உடற்கல்வி ஆசிரியர், ஈரோடு மாவட்டம்

பதில்: ஐயா, எங்கள் தலைமுறையினர் அனைவரும் அப்படித்தான் கற்றோம். லாக்டிக் அமிலம் ஓரிரு மணி நேரத்தில் தானாகவே உடலிலிருந்து நீங்கிவிடும். மேலும், பிட்சர் ஒரு பந்தை எறிய இரண்டு நொடிகூட ஆவதில்லை. பிறகு பதினைந்து, இருபது நொடி ஓய்வு. இந்த வகை உழைப்பில் லாக்டிக் அமிலம் பெரிதாகச் சேர்வதும் இல்லை. மறுநாள் வரும் கைவலிக்குக் காரணம் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம். அதை ஓடிக் கரைக்க முடியாது. களைத்த பிள்ளை ஐந்து கிலோமீட்டர் ஓடினால் களைப்புதான் கூடும். ஆட்டத்துக்குப் பின் பத்து நிமிடம் நடக்க விடுங்கள். மற்ற நாட்களில் 20, 30 மீட்டர் முழு வேக ஓட்டங்களை எட்டுப் பத்து முறை, இடையே நன்றாக மூச்சு வாங்கவிட்டு, ஓடச் செய்யுங்கள். மூச்சுத் திறனுக்கு நிதானமான ஓட்டம் வாரம் ஒருநாள் இருக்கலாம், அதில் தவறில்லை.

ஜிம் இல்லாதது ஒரு குறையே அன்று. பஸ்கி, தண்டால், புல்-அப் கம்பி, கயிறு தாண்டுதல் இவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி சன்னல் கம்பியில் கட்டினால் தோள் பயிற்சிக்கான பட்டை தயார். சாக்கில் மணல் நிரப்பி மார்போடு அணைத்துக்கொண்டு படியேறச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். ஜப்பானின் தேசிய உயர்நிலைப் பள்ளிப் போட்டியான கோஷியெனில் 1998 ஆகஸ்ட் 20 அன்று டைசுகே மட்சுசாகா என்ற பள்ளி மாணவர், 17 இன்னிங்ஸ் நீண்ட காலிறுதியில் 250 பந்துகள் எறிந்தார். நாடே அவரைக் கொண்டாடியது. அதே ஜப்பானில் 2020 முதல், உயர்நிலைப் பள்ளிப் பிட்சர் எவரும் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது என்று விதி வந்துவிட்டது. 500 என்பதே மிக அதிகம் என்பது என் கருத்து. மாவட்டப் போட்டிகளில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வரும்போது இரண்டையும் ஒரே பையனிடம் ஒப்படைக்காதீர்கள். குறைந்தது நான்கு பிட்சர்களையாவது தயார் செய்து வையுங்கள். சாஃப்ட்பாலில் கை கீழிருந்து சுழல்வதால் காயம் வராது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. தோளின் முன்பக்கமும் புஜத் தசையும் அதிலும் கடுமையாக இழுபடுகின்றன. மாணவிகளுக்கும் பந்துகளை எண்ணுங்கள்.

கேள்வி: பயிற்சிக்கு முன் குடிக்கும் சக்தி மாவு ஒன்றை என் மகன் இணையத்தில் வாங்கியிருக்கிறான். உடல் கொழுப்பும் குறையும் என்று போட்டிருக்கிறது. கொடுக்கலாமா?
— ஹூஸ்டன், டெக்சஸ்

பதில்: வேண்டாம். 2003 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் 23 வயதுப் பிட்சர் ஸ்டீவ் பெக்லர் ஃபுளோரிடாவில் பயிற்சி முகாமின்போது வெப்பத் தாக்குதலால் சுருண்டு விழுந்து, மறுநாள் இறந்தார். எடை குறைக்க அவர் எடுத்துக்கொண்ட எஃபெட்ரா என்னும் ஊக்க மூலிகை கலந்த மாத்திரையும் காரணங்களில் ஒன்று என்று கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு எஃபெட்ராவைத் தடை செய்தது. அந்தப் பொருள் போனாலும், நாடித்துடிப்பைக் கூட்டி களைப்பின் எச்சரிக்கையை மறைக்கும் வேறு பொருள்கள் சந்தையில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஹூஸ்டன் வெயிலில் ஆடும் பிள்ளைக்குத் தண்ணீர், உப்பிட்ட மோர், வாழைப்பழம், வேளாவேளைக்கு முட்டையும் பருப்பும் சோறும் கொடுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடை முழுவதும் தண்ணீர்தான், அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: எனக்கு 24 வயது. பத்து ஆண்டுகள் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவன். இங்கே பேஸ்பால் கிளப் ஒன்றில் பிட்சராகச் சேர அழைக்கிறார்கள். என் தோள் தயாராகத்தானே இருக்கும்?
— ஸ்கார்பரோ, கனடா

பதில்: கால்கள் தயாராக இருக்கும், தோள் அப்படி இருக்காது. ஓடிவந்து முழங்கையை நீட்டியபடியே வீசுவதற்கும், நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கிச் சாட்டைபோல் எறிவதற்கும் வேலை செய்யும் இடங்கள் வேறு. கிரிக்கெட்டில் உங்கள் முதுகு வாங்கிய அடியை இங்கே முழங்கை வாங்கும். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் 2008-இல் ஒரு போட்டியில் தேர்வாகி, சில மாதப் பயிற்சிக்குப் பின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். எறியும் பழக்கம் பந்து வீசும் பழக்கத்தைவிட நெருக்கமான உறவு என்பதால்தான் இதைச் சொல்கிறேன். எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் கீப்பருக்கு நேராக எறிந்து பழகியிருந்தால் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

மேட்டில் ஏற இரண்டு மூன்று மாதம் பொறுத்திருங்கள். 45 அடியில் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், பாதி வேகத்தில் 25 எறி, சற்று ஓய்வு, மீண்டும் 25 எறி. இரண்டு நாள் வலியில்லாமல் கழிந்தால் 60 அடி, பிறகு 90, பிறகு 120. அந்தத் தூரம் எளிதான பின்பே, பிட்சர் எறியும் போட்டித் தூரமான 60 அடி 6 அங்குலத்துக்கு வந்து மேட்டிலிருந்து பாதி வேகத்தில் எறியத் தொடங்குங்கள். தசையில் பரவலான வலி இருந்தால் ஒருநாள் கூடுதலாக ஓய்வெடுங்கள். முழங்கையிலோ தோள் மூட்டுக்குள்ளோ ஒரே புள்ளியில் குத்தினால் முந்தைய தூரத்துக்குத் திரும்புங்கள். அங்கும் குத்தினால் பந்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.